இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

துபாஷி சந்தைக்கு வந்து பதினைந்து வருடங்கள் ஆகியிருந்தன. கடலைப்பருப்பு அளவு இருக்கும். காதுக்குள் வைத்துக்கொண்டால், எதிரில் இருப்பவர் எந்த மொழியில் பேசினாலும் நமக்குத் தமிழில் விழும். மொழி மட்டுமல்ல, அளவும் மாறும். அவர் மைல் என்றால் நமக்குக் கிலோமீட்டர். அவர் பவுண்டு என்றால் நமக்குக் கிலோ. கேட்பவருக்கு எது பழக்கமோ அதில் வந்து விழும். பள்ளிப் புத்தகங்களிலிருந்து அளவை மாற்றப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

ஜெசிந்தா கொரைராவும் வருத்தப்பட்டவள் இல்லை. தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே, கடலடியில் இருபது மீட்டர் ஆழத்தில் இருந்த நிலையத்துக்கு அவள்தான் காற்றுப் பொறுப்பாளர். காற்றாலைக் கோபுரங்களின் அடித்தளங்களைப் பழுதுபார்ப்பவர்களும் பவளம் வளர்க்கும் ஆராய்ச்சியாளர்களும் அங்கே மாதக்கணக்கில் தங்குவார்கள். நிலையத்துக்குள் இருக்கும் காற்று, சுற்றியிருக்கும் கடலின் அதே அழுத்தத்தில் இருக்கும். அதனால் தரையில் உள்ள வட்டக் கதவைத் திறந்துபோட்டாலும் தண்ணீர் உள்ளே ஏறாது. புதிதாக வருபவர்கள் அந்தத் துளையைப் பார்த்து மிரளும்போது ஜெசிந்தா அதன் விளிம்பில் உட்கார்ந்து கடலில் காலை நனைத்துக்கொண்டே டீ குடிப்பாள். "பயப்படாதீங்க. காத்து என் கையில இருக்கு" என்பாள். பெருமைக்குச் சொன்னதல்ல. அது உண்மை.

அந்த வாழ்க்கையில் ஒரே ஒரு கட்டுப்பாடு. நினைத்தவுடன் மேலே வர முடியாது. அழுத்தத்தில் வாழும் உடம்பின் ரத்தத்திலும் சதையிலும் காற்று கரைந்திருக்கும். சோடா பாட்டிலின் மூடியைச் சட்டென்று திறந்தால் பொங்குவதைப்போல, அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால் உடம்புக்குள் குமிழி கிளம்பும். குமிழி மூட்டில் நின்றால் வலி. முதுகுத்தண்டில் நின்றால் கால் போகும். மூளையில் நின்றால் ஆள் போவார். அதனால் மேலே வருகிறவர்களை ஓர் அறையில் வைத்து, இரண்டு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

புயல் ஓய்ந்த மறுநாள், கட்டறுந்து மிதந்து வந்த ஒரு சரக்குத் தோணியின் நங்கூரம் நிலையத்தின் பக்கச் சுவரைக் கிழித்தது. அந்த வாரம் நிலையத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஜெசிந்தா, கோபுரங்களில் வெல்டிங் செய்யும் இசக்கிராஜா, பவள ஆராய்ச்சி செய்யும் காயல்பட்டினத்து ஃபர்ஹானா. தண்ணீர் முழங்காலுக்கு வருவதற்குள் மூவரும் தப்பிக்கும் அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டினார்கள். நிலையத்தில் அதை 'டப்பா' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆட்டோவைவிடக் கொஞ்சம் பெரிதான இரும்பு உருளை. கைப்பிடியைத் திருகினால் அடியில் உள்ள எடைகள் கழன்று, அழுத்தம் மாறாமல் அப்படியே மேலே மிதந்து வரும்.

அப்படியே வந்தது. பக்கத்தில் கடலடிக் கேபிள் போட்டுக்கொண்டிருந்த இந்தோனேசியக் கப்பல் ஒன்று கடலோரக் காவலின் அழைப்பைக் கேட்டு விரைந்து வந்து, கிரேனால் டப்பாவைத் தூக்கித் தளத்தில் வைத்தது. அந்தக் கப்பலிலும் முக்குளிப்பவர்கள் இருந்ததால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எந்திரம் இருந்தது. அதன் தடித்த குழாயை டப்பாவில் பொருத்தினார்கள். பேசுவதற்கு ஒரு கம்பியையும் இணைத்தார்கள்.

கப்பலின் முக்குளிப்பு மேற்பார்வையாளர் பெயர் புதிமான். துபாஷி வழியாக அவர் குரல் நிதானமாக, ரேடியோ அறிவிப்பாளரின் குரலைப்போலக் கேட்டது.

"மூணு பேரும் நலமா?"

"நல்லா இருக்கோம். இசக்கிக்கு நெத்தியில சின்ன அடி. மத்தபடி ஒண்ணுமில்ல."

"உள்ளே அழுத்தம் எவ்வளவு?"

ஜெசிந்தா சுவரில் இருந்த முள் மீட்டரைப் பார்த்தாள். டப்பா தூத்துக்குடிப் பட்டறை ஒன்றில் செய்தது. பட்டறைகளிலும் பாய்லர்களிலும் அழுத்தத்துக்கு எல்லோரும் பேசும் 'கிலோ'வில்தான் மீட்டரும் இருந்தது. முள் இரண்டில் நின்றது. இரண்டு கிலோ இருப்பதாகச் சொன்னாள்.

கம்பியில் சின்ன இடைவெளி. பிறகு அதே நிதானமான குரல். "ரெண்டுதானே?"

"ரெண்டுதான்."

"சரி. ரெண்டிலேயே வைக்கிறோம். பிறகு மெதுவாக இறக்கலாம். கவலை வேண்டாம்."

ஜெசிந்தா சாய்ந்து உட்கார்ந்தாள். ஃபர்ஹானா இசக்கிராஜாவின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "வீட்டுக்குப் போனதும் மொதல்ல என்ன செய்வீங்க மேடம்?" என்று அவன் கேட்டான். "தூங்குவேன்" என்றாள் ஃபர்ஹானா. "நான் மீனே இல்லாத சாப்பாடா தேடிப்போய்ச் சாப்பிடப் போறேன்" என்றான். மூவரும் சிரித்தார்கள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தாவின் காதில் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. அறைக்குள் திடீரென்று குளிர்ந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த ஃபர்ஹானாவின் முகம் மங்கலானது. டப்பாவுக்குள் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

அழுத்தம் வேகமாகக் குறைந்தால்தான் காற்று அப்படிக் குளிர்ந்து மூடுபனி போடும். ஜெசிந்தா எழுந்து மீட்டரைத் துடைத்துப் பார்த்தாள். ஒன்றரை. முள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"எறக்கிட்டு இருக்கீங்க! நிறுத்துங்க! எங்களுக்கு ரெண்டு வேணும்!"

"ரெண்டுக்குத்தான் கொண்டுபோகிறோம். அமைதியாக இருங்கள்."

"ரெண்டுல இல்ல! ஒண்ணரைக்கு வந்துட்டு!"

"இல்லை. இன்னும் ரெண்டரையில் இருக்கிறீர்கள். ரெண்டு வந்ததும் நிறுத்திவிடுவோம்."

ஜெசிந்தா சுவர்ப் பக்கம் பாய்ந்தாள். குழாய் உள்ளே வரும் இடத்தில் இருந்த சிவப்பு வால்வை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி மூடினாள். சீறல் நின்றது. முள் ஒன்றே கால் பக்கத்தில் நின்றது.

"அக்கா, என்ன செய்யுதீங்க?" என்றான் இசக்கிராஜா. "அதுலதானே நமக்குக் காத்து வருது?"

"தெரியும்ல."

"அக்கா." இந்த முறை அவன் குரல் வேறுமாதிரி இருந்தது. "முதுகுல சுருக்குன்னுச்சு. இடது காலு மரத்துப்போன மாதிரி இருக்கு."

ஃபர்ஹானா அவன் பாதத்தைக் கிள்ளினாள். அவனுக்குத் தெரியவில்லை. அவள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். இருவருக்கும் புரிந்துவிட்டது. குமிழி கிளம்பிவிட்டது. உடனே அழுத்தத்தை மறுபடியும் ஏற்றினால் குமிழி கரையும். ஏற்றக் காற்று வேண்டும். டப்பாவின் அவசர சிலிண்டர் மேலே வரும்போதே தீர்ந்துபோயிருந்தது. காற்று கப்பலில்தான் இருக்கிறது. வால்வைத் திறந்தாக வேண்டும். ஆனால் திறந்தால் அவர்கள் மேலும் இறக்கிவிடுவார்கள்.

"ஜெசி அக்கா," என்றாள் ஃபர்ஹானா, "நாம ரெண்டுங்கிறோம். அவங்களும் ரெண்டுங்கிறாங்க. பின்ன என்னதான் பிரச்சினை?"

"அதான் பிரச்சினை. ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லுதோம். ஆனா முள்ளு இறங்குது."

ஜெசிந்தா காதிலிருந்த துபாஷியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டாள். டப்பாவின் சிறு கண்ணாடி ஜன்னலில் முகத்தை வைத்தாள். வெளியே, ஆரஞ்சு நிற உடுப்பில், நரைத்த மீசையோடு ஒருவர் கம்பிப் பேசியைப் பிடித்தபடி நின்றார். அவர்தான் புதிமானாக இருக்க வேண்டும். ஜெசிந்தா தன் காதைத் தொட்டு, எடுத்துப் போடுவதுபோலச் சைகை காட்டினாள். அவர் தலையாட்டி மறுத்தார். அவசர நேரத்தில் துபாஷியைக் கழற்றக் கூடாதென்பது எல்லாக் கப்பல்களிலும் விதி. ஜெசிந்தா கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள். மறுபடியும் காதைக் காட்டினாள்.

அவர் கழற்றினார்.

கம்பியில் அவருடைய சொந்தக் குரல் வந்தது. ஜெசிந்தா திடுக்கிட்டாள். அது நிதானமான குரலே இல்லை. மூச்சு வாங்கியது, நடுங்கியது. இவ்வளவு நேரமும் அந்த மனிதர் பயந்துபோய்த்தான் பேசியிருக்கிறார். துபாஷி அந்தப் பயத்தை வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் தந்திருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் அவளுக்குப் புரியவில்லை. நடுவில் 'கபால்' என்று வந்தது. கப்பலைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த ஒரு சொல் எதற்கும் உதவவில்லை. ஆனாலும் எதிரில் நிற்பது ஒரு மனிதர் என்று தோன்ற அது போதுமாக இருந்தது.

கைவிளக்கை மீட்டரில் அடித்து, ஜன்னல் வழியாக அவரைப் பார்க்கச் சொன்னாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒன்று புள்ளி மூன்று. அவர் முகம் மாறியது. தன் கையிலிருந்த பலகைத்திரையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். அதில் இரண்டு புள்ளி மூன்று.

ஜெசிந்தா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சரியாக ஒன்று வித்தியாசம்.

"ஃபர்ஹானா, நம்ம முள்ளு வெளிக்காத்த எண்ணாது. வெளிக்காத்துக்கு மேல எவ்வளவோ அதத்தான் காட்டும். அவன் மீட்டரு வெளிக்காத்தையும் சேத்து எண்ணுது. நம்ம ரெண்டுன்னா அவனுக்கு மூணு. அவன் ரெண்டுங்கிறது நமக்கு ஒண்ணு!"

"அவங்க பூஜ்யம் வேற, நம்ம பூஜ்யம் வேறயா?"

"ஆமா. இதைப் போய் அவன்ட்ட எப்படிச் சொல்லுறது?"

சொல்லாமலே செய்தாள். மூன்று விரலைக் கண்ணாடியில் வைத்தாள். பிறகு அவருடைய திரையைச் சுட்டிக் காட்டினாள். மறுபடியும் மூன்று விரல். "மூணு. உங்களோடதுல மூணு."

"திகா?" என்றார் அவர். அவரும் மூன்று விரலைக் காட்டினார்.

பிறகு அவராகவே நின்றார். திரையைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். ஒரு விரலை உயர்த்தித் தன்னைச் சுற்றியிருந்த வெட்டவெளியில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "சாத்து" என்றார். தளத்தில் வீசிய அந்தக் காற்று, அதுவே ஒன்று. பிறகு டப்பாவைக் காட்டி இரண்டு விரல். மொத்தம் மூன்று. உள்ளங்கையால் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

ஜெசிந்தா பலமாகத் தலையாட்டினாள். "திகா!" என்று கத்தினாள்.

அவர் திரும்பி ஆட்களிடம் ஏதோ கத்தினார். திரையில் எண்ணை மாற்றி, மாற்றியதைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். மூன்று.

"அக்கா, அவனுக்குப் புரிஞ்சிருக்குன்னு நிச்சயமா தெரியுமா?" இசக்கிராஜா படுத்தபடியே கேட்டான்.

"தெரியும்" என்றாள் ஜெசிந்தா. வால்வைத் திறந்தாள்.

காற்று உள்ளே பாய்ந்தது. காது அடைத்தது. பனிமூட்டம் கலைந்து அறை வெம்மையானது. முள் ஒன்றரையைத் தாண்டியது, பிறகு மெல்ல மேலேறி இரண்டில் போய் நின்றது. புதிமான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழந்தாளிட்டு உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா வால்விலிருந்து கையை எடுத்தபோதுதான் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வருவதைக் கவனித்தாள்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. இரண்டு நாளுக்கு மேல் அந்த டப்பாவுக்குள்ளேயே வைத்து மெதுவாக இறக்கினார்கள். ஒவ்வொரு முறை அழுத்தத்தைக் குறைக்கும்போதும் புதிமான் ஜன்னலுக்கு வந்து திரையைக் காட்டுவார். ஜெசிந்தா மீட்டரைக் காட்டுவாள். இரண்டு பேரும் தலையாட்டிய பிறகுதான் குறைப்பார்கள். துபாஷியை இருவரும் போட்டுக்கொள்ளவேயில்லை.

ஃபர்ஹானாவுக்கும் ஜெசிந்தாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இசக்கிராஜாவின் இடது கால் பாதிதான் திரும்பி வந்தது.

மருத்துவமனையில் அவனைப் பார்க்க ஜெசிந்தா போனபோது அவன் அண்ணனும் இருந்தான். கட்டிலருகே புதிதாக வாங்கிய ஊன்றுகோல் சாத்தியிருந்தது.

"அக்கா, இனிமே தண்ணிக்குள்ள இறங்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றான் இசக்கிராஜா. "வெல்டிங் கரையிலயும் செய்யலாம். அது பெரிசில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஆற மாட்டேங்குது. அவன் திரையில மூணுன்னு காட்டியிருக்கு. நாம ரெண்டுன்னு சொல்லியிருக்கோம். ரெண்டும் ஒத்துப்போகலன்னு அவனுக்குத் தெரியும்லா? தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்காம எப்படி எறக்கினான்?"

"அவன் மேல கேஸ் போடத்தான் போறோம்" என்றான் அண்ணன். "விசாரணைக் குழு முன்னாடி நீங்க சாட்சி சொல்லணும்."

ஜெசிந்தாவுக்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது. "சொல்லுதேன். ஆனா அதுக்கு முன்னாடி அவன்ட்டயே ஒரு தடவ கேக்கணும்."

"துபாஷி வச்சா?" என்றான் இசக்கிராஜா. கசப்பாகச் சிரித்தான்.

"இல்ல."

இப்படித்தான் ஜெசிந்தா புதிமானின் மொழியைப் படிக்க ஆரம்பித்தாள். அவள் வயதில், அவள் வேலையில், யாரும் செய்யாத காரியம். ஃபர்ஹானாவின் மச்சி, அதாவது அண்ணன் மனைவி, இந்தோனேசியாவின் மெடானில் பிறந்து வளர்ந்து காயல்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஜெசிந்தா பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவாள். "எதுக்குங்க இவ்வளவு பாடு? காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டா முடிஞ்சுது" என்று அந்த மச்சி முதல் நாள் கேட்டார். "ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அவர் சொல்ற பதிலு எனக்கு நேரா புரியணும்" என்றாள் ஜெசிந்தா. மச்சி உள்ளே போய் வட்டிலாப்பம் எடுத்து வந்து வைத்து, பாடத்தை ஆரம்பித்தார்.

விசாரணை எட்டு மாதம் கழித்துத் தூத்துக்குடியில் நடந்தது. குழுவுக்குத் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி மங்கையர்க்கரசி. ஒரு பக்கத்தில் நிலையத்தின் ஆட்கள், இசக்கிராஜாவின் குடும்பம், ஊர்க்காரர்கள். எதிர்ப்பக்கம் புதிமானும் கப்பல்காரர்கள் நால்வரும். அவருடைய மேற்பார்வையாளர் உரிமம் விபத்துக்குப் பிறகு முடக்கப்பட்டிருந்தது. மீசை முழுக்க வெளுத்திருந்தது. எல்லோர் காதிலும் துபாஷி.

துபாஷி நிறுவனத்தின் பொறியாளர் முதலில் பேசினார். நல்ல தயாரிப்போடு வந்திருந்தார். "இரண்டு கிலோ என்று இங்கிருந்து சொன்னார்கள். கப்பலில் 'பார்' என்ற அளவை. ஒன்று புள்ளி ஒன்பது ஆறு பார் என்று மாற்றிக் கொடுத்திருக்கிறோம். நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை. எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பேசியவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததை எந்திரம் எப்படி மொழிபெயர்க்கும்?"

நீதிபதி ஜெசிந்தாவைப் பார்த்தார். "ரெண்டு எப்படிம்மா மூணாகும்? எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க."

"பஞ்சர் கடையில டயரைப் பாத்துட்டு, காத்தே இல்ல, ஜீரோன்னு சொல்லுவாங்கல்லா மேடம்? நெசமாவே உள்ள ஒண்ணும் இல்லாமலா இருக்கும்? வெளிய இருக்குற அதே காத்து உள்ளயும் இருக்கும். டயர் மீட்டரு அதைக் கணக்குல எடுக்காது. எங்க முள்ளும் அப்படித்தான். அவங்க மீட்டரு அதையும் சேத்து ஒண்ணுன்னு எண்ணும்."

"அப்போ ரெண்டு பேர் சொன்னதும் சரி."

"சரிதான் மேடம்."

"எந்தப் பூஜ்யம்னு நீங்க சொன்னீங்களா?"

ஜெசிந்தா யோசித்தாள். வழக்கமாகச் சொல்வாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊறிய பழக்கம். ஆனால் அன்றைக்கு, தண்ணீர் புகுந்து, தப்பித்து வந்த அந்த நேரத்தில் சொன்னாளா? நினைவில் நின்றது 'ரெண்டு' மட்டும்தான்.

"ஞாபகம் இல்ல மேடம்" என்றாள். "ஆனா தெரிஞ்சுக்க வழி இருக்கு. துபாஷி மாத்துறதுக்கு முன்னாடி நாங்க பேசின சொந்தக் குரலு பதிவாகியிருக்கும்."

பொறியாளர் எழுந்தார். "அது பேசியவர்களின் அந்தரங்கம். இரண்டு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே திறக்க முடியும். இதுவரை யாரும் கேட்டதில்லை."

"எனக்குச் சம்மதம்."

இசக்கிராஜாவின் அண்ணன் பின்னாலிருந்து குனிந்து, "அக்கா, வேண்டாம். நீங்க சொல்லலன்னு வந்துட்டா பழி உங்க மேல வரும்" என்றான். "வரட்டும்" என்றாள் அவள்.

எதிர்ப்பக்கத்தில் புதிமானின் வழக்கறிஞர் அவர் கையைப் பிடித்து வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா துபாஷியைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். புதிமானைப் பார்த்து, அவருடைய மொழியில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். உங்கள் சொந்தக் குரலைக் கேட்க வேண்டும், தயவுசெய்து.

அரங்கில் இருந்தவர்கள் காதில் அந்த வாக்கியம் அழகான தமிழில் விழுந்தது. புதிமானுக்கோ அது தன் மொழியிலேயே, தடுமாறித் தடுமாறி வந்து சேர்ந்தது. அவர் நிமிர்ந்தார். வழக்கறிஞரின் கையை விலக்கினார். "யா" என்று சம்மதித்தார்.

நீதிபதி எல்லோரையும் துபாஷியைக் கழற்றச் சொன்னார். பலர் பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அடுத்தவர் முன்னிலையில் அதைக் கழற்றினார்கள். கூச்சத்தோடு காதைத் தேய்த்துக்கொண்டார்கள்.

பதிவு ஓடியது. முதலில் ஜெசிந்தாவின் குரல், இரும்பு அறையின் எதிரொலியோடு. "ரெண்டு கிலோ இருக்குங்க. வெளிக்காத்துக்கு மேல ரெண்டு. கேட்டுச்சா? வெளிக்காத்துக்கு மேல."

ஊர்க்காரர்கள் பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. இசக்கிராஜாவின் அண்ணன், "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றான். எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் இவர்களுடைய முகங்களைப் பார்த்தார்கள்.

பிறகு ஓர் இடைவெளி. பிறகு புதிமானின் குரல். நடுங்கியபடி, அவசரமாக. "துவா? துவா டி ஆத்தாஸ் உதாரா லுவார்?"

எதிர்ப்பக்கத்து நால்வரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். ஒருவர் மேசையைத் தட்டினார். இப்போது ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பொறியாளர் தன் கைக்கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நீதிபதி கேட்டபோது தலை நிமிராமல் பதில் சொன்னார். சொந்தக் குரலில், கொச்சை ஆங்கிலம் கலந்த தமிழில். "அவசர நேரத்துல, ரிப்பீட் ஆகுற மாதிரி இருந்தா... சுருக்கிடும் மேடம். டைம் மிச்சம் பண்றதுக்கு. ரெண்டு பக்கமும் அந்த வார்த்தைய ரிப்பீட்னு நெனச்சு வெட்டியிருக்கு."

"அவர் என்ன கேட்டார்னு யாராவது சொல்ல முடியுமா?" என்றார் நீதிபதி.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். "சொல்லுதேன் மேடம். 'ரெண்டா? வெளிக்காத்துக்கு மேல ரெண்டா?' அப்படின்னு கேட்டிருக்காரு. எனக்கு 'ரெண்டுதானே'ன்னு மட்டும் விழுந்து நான் 'ரெண்டுதான்'னு சொல்ல, வெளிக்காத்தும் சேந்தே ரெண்டுன்னு எடுத்துட்டாரு."

இசக்கிராஜா ஊன்றுகோலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "கேட்டிருக்கான்" என்றான்.

புதிமான் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் அருகே போனாள். நீதிபதி தடுக்கவில்லை. எட்டு மாதமாக ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறியிருந்தாள். அந்தக் கேள்வி இப்போது தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, அன்றைக்கு அவர் கேட்டதற்கு ஒரு பதில்தான், அதுவும் அவளிடமிருந்து.

"யா" என்றாள், அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து. "துவா டி ஆத்தாஸ் உதாரா லுவார்."